பழைய ஸ்டீல் சைக்கிள் ஃப்ரேம்: எந்த நாடு, எந்தக் காலம்?

பழைய ஃப்ரேம் கைக்கு வந்ததும் பலரும் முதலில் பார்ப்பது ஸ்டிக்கரைத்தான். அதைக் கடைசியில் பாருங்கள். ஸ்டிக்கர் புதிதாக அச்சடித்துக் கிடைக்கும், பெயின்டும் மாறியிருக்கும். இரும்பில் வெட்டிய மரையும் குழாயின் விட்டமும் அவ்வளவு சுலபத்தில் மாறாது.

தேவையானவை: வெர்னியர் காலிப்பர், டார்ச், பென்சில், மெல்லிய தாள். துடைப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

படி 1: சீரியல் நம்பர்

வண்டியைக் கவிழ்த்து பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு ஓடும் குறுக்குக் குழல்) அடியில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பின் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் பிளவு), சீட் லக் (சீட் குழாயின் மேல்முனை இணைப்பு), ஃபோர்க்கின் தண்டு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். பெயின்ட் அடைத்திருந்தால் தாளை வைத்து, பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், ஆழமில்லாத முத்திரை அதோடு போய்விடும்.

எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அட்டவணை கிடையாது. அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி 1965 முதல் முதல் எழுத்தில் மாதத்தையும் இரண்டாவதில் ஆண்டையும் வைத்தது. வெறும் வரிசை எண் போட்டவர்களும் உண்டு.

படி 2: பாட்டம் பிராக்கெட்

நாட்டைச் சொல்வதில் இதற்கு இணை இல்லை. கிராங்கைக் (பெடல் மாட்டும் கை) கழற்றி, குழலின் அகலத்தை அளந்து, கப்பின் (பேரிங்கைத் தாங்கி, குழலின் மரையில் ஏறும் கிண்ணம்) முகத்தில் அடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள்.

பி.எஸ்.ஏ (பிரிட்டிஷ் அளவு): 68 மிமீ அகலம், 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை.
இத்தாலி: 70 மிமீ அகலம், 36 மிமீ விட்டம், அதே 24 மரை.
பிரான்ஸ்: 68 மிமீ அகலம், 35 மிமீ விட்டம், மரை இடைவெளி 1 மிமீ.

பலரும் சறுக்குவது வலப்பக்கக் கப்பில்தான். பி.எஸ்.ஏ-வில் அது இடக்கை மரை. கடிகார முள் திசையில் சுற்றினால்தான் கழலும். இத்தாலியிலும் பிரான்ஸிலும் வழக்கமான திசை. தெரியாமல் ஸ்பானரில் தொங்கினால் கப் இன்னும் இறுகும், காது மழுங்கும். எண் அழிந்திருந்தால் கப்பை எடுத்துப் பத்து மரையின் நீளத்தை அளங்கள்: 10 மிமீ என்றால் பிரெஞ்சு அல்லது அபூர்வமான ஸ்விஸ், பத்தரைக்குக் கொஞ்சம் மேல் என்றால் மற்ற இரண்டில் ஒன்று.

68 மிமீ குழலில் 36 மிமீ கப் இருந்தால் இத்தாலி என்று உடனே குதிக்காதீர்கள். தேய்ந்த பி.எஸ்.ஏ மரையைப் பெரிதாக்கி இத்தாலி மரை வெட்டுவது பழைய ரிப்பேர் வழக்கம். பி.எஸ்.ஏ மட்டும் வைத்தும் நாட்டைச் சொல்ல முடியாது. பிரிட்டன், ஜப்பான், தைவான் எல்லாம் அதைத்தான் பயன்படுத்தின. பிரெஞ்சு மரைக்கு மதிப்பு அதிகம்: 1980களில் அங்கும் பலர் பி.எஸ்.ஏ-வுக்கு மாறிவிட்டதால் காலத்தையும் சேர்த்துச் சொல்லும்.

படி 3: குழாய்

சீட் ட்யூபின் வெளி விட்டம் 28.6 மிமீ என்றால் அங்குலக் கணக்கு, 28.0 என்றால் பிரெஞ்சு. பெயின்ட் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள். உள் விட்டத்தை, மேலே பிளந்திருக்கும் வெட்டுக்குக் கீழே அளக்க வேண்டும். கிளாம்ப் இறுக்கி இறுக்கி மேல்வாய் சுருங்கியிருக்கும். 28.6 குழாயில் 27.2 மிமீ சீட் போஸ்ட் சரியாக நுழைந்தால் மெல்லிய, நல்ல குழாய். 25.4 தான் போகிறது என்றால் சுவரே ஒன்றரை மிமீயை நெருங்கும், மலிவான வண்டி. ரெனால்ட்ஸ் 531 (பிரிட்டிஷ் குழாய் வகை) ஸ்டிக்கர் ஆண்டைச் சொல்லாது. அந்தக் குழாய் 1935 முதல் வருகிறது. ரெனால்ட்ஸ் 753 என்றால் 1976-க்கு முந்தியதல்ல.

படி 4: பின் டிராப்அவுட்

உள்முகத்திலிருந்து உள்முகம் வரை அளக்கவும். 120 மிமீ ஐந்து பல்சக்கரக் காலம், 126 ஆறு ஏழு, ரோடு வண்டியில் 130 எட்டும் அதற்கு மேலும். புது வீல் மாட்ட யாராவது விரித்திருக்கலாம். இரண்டு முகமும் இணையாக இல்லாமல் கோணலாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

படி 5: பாகங்கள்

ஸ்டர்மி-ஆர்ச்சர் (பிரிட்டிஷ் கியர் ஹப் கம்பெனி) ஹப்பில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் அடித்திருக்கும், பெரும்பாலும் மாதத்தோடு. ஜப்பானின் ஷிமானோ பாகங்களில் இரண்டு எழுத்து: முதலாவது ஆண்டு (ஏ 1976, பி 1977 என்று வரிசையாக), இரண்டாவது மாதம். ஜே.சி என்றால் 1985 மார்ச். இசட்டுக்குப் பின் 2002-இல் மறுபடி ஏ தொடங்கியதால் அதே ஜே.சி 2011 ஆகவும் இருக்கலாம். பாகத்தின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒரே ஒரு பாகத்தின் தேதியை நம்ப வேண்டாம், வீல்தான் முதலில் மாறும். ஹப், கிராங்க், டெரெய்லர் (செயினை மாற்றும் கியர் பாகம்) மூன்றும் ஓராண்டுக்குள் வந்து, படி 4-இன் அகலமும் ஒத்துப்போனால் அந்த ஆண்டையோ அடுத்த ஆண்டையோ எழுதிக்கொள்ளலாம். ஹப் மட்டும் பத்து வருடம் தள்ளி நின்றால் அதை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள்.