திருகோணமலையிலிருந்து வேலையோடு சேர்ந்த வெளிநாட்டுப் பயணம்: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் சீசனுக்கு வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியல்ல. அங்கே வந்து தங்கும் இளம் வெள்ளைக்காரர்களில் சிலர், அவுஸ்திரேலியாவில் பழம் பறித்துச் சேர்த்த காசில் ஊர் சுற்றுகிறவர்கள். நாமும் அப்படிப் போகலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: விளம்பரத்துக்கு முன் கடவுச்சீட்டைப் பாருங்கள்

இளையவர்கள் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய அனுமதிப்பது வேர்க்கிங் ஹொலிடே வீசா. இது, நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி கிடைப்பது. பொதுவாக வயது 18 முதல் 30 வரை, சில நாட்டவருக்கு 35 வரை. அவுஸ்திரேலியாவின் பட்டியலில் பிரித்தானியா, கனடா எல்லாம் உண்டு. 2024இல் இந்தியாவும் ஆண்டுக்கு 1,000 இடங்களோடு, குலுக்கல் முறையில் சேர்ந்தது. இலங்கை அதில் இல்லை. டொரொன்டோவில் பிறந்த மச்சான் போகலாம், இலங்கைக் கடவுச்சீட்டோடு நீங்கள் போக முடியாது. "இலங்கையருக்கு வேர்க்கிங் ஹொலிடே, பரீட்சை இல்லை, முற்பணம் மட்டும்" என்று முகநூலில் யாராவது கூவினால், தொலைபேசி எண்ணைக்கூடக் கொடுக்காதீர்கள்.

படி 2: நமக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்

என் கணிப்பில் இதற்கு மிக நெருக்கமானது ஜேர்மனியின் "ஓ பேர்" முறை. ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மொழியும் படிப்பது. விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஜேர்மன் மொழியில் ஏ1 எனும் ஆரம்ப நிலை வேண்டும். காலையில் பிள்ளைக்கு உடுப்பு மாட்டி, சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் வைத்து, பாலர் பாடசாலையில் விட்டுவருவது போன்ற வேலைதான். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தனி அறை, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ தருவார்கள், மொழி வகுப்புக்கும் ஒரு தொகை உண்டு. வீட்டுக்குக் காசு அனுப்பும் திட்டமிருந்தால் இது சரிவராது. "பிள்ளை பார்க்கவா ஜேர்மனிக்கு?" என்று அம்மம்மா முகம் சுளிக்கலாம். ஆனால் தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்த அனுபவம் இங்கே ஒரு தகுதி; ஆண்பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது மாணவர் வீசா. அவுஸ்திரேலியாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், ஜப்பானில் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும், 2025 ஜூலையில் உயர்ந்தபின், 2,000 அவுஸ்திரேலிய டொலர். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 29,710 டொலர், அதற்கு மேல் படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் கையில் இருப்பதைக் காட்டச் சொல்லலாம். அங்கே போய் உழைத்துக் கட்டலாம் என்ற கதை வீசா கேட்கும்போது எடுபடாது. காணியை ஈடு வைக்கும் முன் இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும்.

சுற்றுலா வீசாவில் போய் வேலை தேடுவதை நினைக்கவே வேண்டாம்.

படி 3: சீசன் முடிவதற்குள் கடிதம் வாங்குங்கள்

விடுதியில் வேலை செய்தவர்கள், செப்டெம்பரில் கூட்டம் குறையும் முன்பே முதலாளியிடம் சேவைக் கடிதம் கேளுங்கள். கடிதத் தலைப்பு, வேலை செய்த காலம், செய்த வேலை, கையொப்பம் நான்கும் இருக்க வேண்டும். "நல்ல பிள்ளை" என்ற ஒற்றை வரி உதவாது.

படி 4: ஆவணங்கள்

கடவுச்சீட்டுக்குக் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டும் என்றில்லை, வவுனியாவிலும் அலுவலகம் உண்டு. தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுங்கள். அப்பாவின் பெயரில் ஓரெழுத்து மாறினாலும் தூதரகத்தில் கேள்வி வரும். ஏ1 பரீட்சைக்குக் கொழும்பில், ஜேர்மன் மொழி கற்பிக்கும் கொயத்தே நிறுவனம் இருக்கிறது. இரவு ரயிலில் போய் வரலாம்.

படி 5: முகவரை விசாரியுங்கள்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்க வேண்டும். 1989 என்ற எண்ணுக்கு அழைத்தும் விசாரிக்கலாம். மாணவர் வீசா முகவர்கள் வேறு வகை. அவர்கள் காட்டும் அனுமதிக் கடிதத்தை அந்தக் கல்லூரிக்கே மின்னஞ்சல் அனுப்பி உறுதிசெய்யுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், அதில் எதற்கான கட்டணம் என்பதும் வீசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதும் எழுதியிருக்கட்டும். எழுதித் தரத் தயங்குபவரிடம் கடவுச்சீட்டை விட்டுவைக்காதீர்கள்.