நியூட்ரல் விழாத பழைய மோட்டார் சைக்கிள்

எஞ்சின் சூடானதும் என் பழைய 125 சிசி வண்டியில் நியூட்ரல் விழாது. கிளட்சை முழுதாகப் பிடித்தாலும் மெல்ல முன்னே இழுக்கும். உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது பெரும்பாடு. கியர் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்கள். எனக்கோ கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றே பட்டது.

லீவரின் ரப்பர் மூடியை விலக்கினால், கேபிள் நுனியில் சில இழைகள் அறுந்து துருவேறி நின்றன. திருகோணமலைக் கடற்காற்று எதைத்தான் விட்டுவைக்கும்! புதுக் கேபிள் போட்டேன். லீவர் பக்கத் திருகை முழுதாக உள்ளே விட்டு, எஞ்சின் பக்கத்து நட்டில் தளர்வைச் சரிசெய்தேன். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு போதும், துளியும் இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் வழுக்கித் தட்டுகள் தேயும். அப்புறம் ஒயிலும் மாற்றினேன், ஜாசோ எம்ஏ தரம் (ஒயிலில் நனைந்து ஓடும் கிளட்ச் உள்ள மோட்டார் சைக்கிள்களுக்கானது). இப்போது சூட்டிலும் கால் பட்டதுமே நியூட்ரல் விழுகிறது.