ஐந்து விநாடியில் பாஸ், இரண்டு நிமிடத்தில் ஃபெயில்: டைமர் புராஜெக்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடிப்படி விளக்கு புராஜெக்ட் பார்க்க ரொம்பச் சின்னதாகத் தெரியும். பட்டனைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும், 2 நிமிடம் கழித்துத் தானாக அணைய வேண்டும், அவ்வளவுதான். மாணவர்களுக்கு நான் ஆசையோடு கொடுக்கும் புராஜெக்ட் இது. ஆனால் ரிவியூ அன்றைக்கு அதிகம் காலை வாரிவிடுவதும் இதுதான்.

ஒரு தடவை ஒரு குழு, நேரத்தை அளக்கும் சில்லான 555 டைமர் ஐசியை வைத்துச் செய்து கொண்டு வந்தது. சால்டர் இல்லாமல் வயரைச் செருகிச் சோதிக்கும் ப்ரெட்போர்டில் வயரிங் அத்தனை சுத்தம். 47 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சுமார் 5 விநாடியில், விளக்கைப் போட்டு அணைக்கும் மின் ஸ்விட்சான ரிலே 'டக்' என்று விட்டது. பத்துத் தடவை காட்டினார்கள், பத்துத் தடவையும் சரி. "2 நிமிடத்துக்கு மாற்றிக் காட்டுங்கள்" என்றேன். 1 மெகா ஓம் ரெசிஸ்டரைச் செருகினார்கள். கணக்குப்படி 1.1 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கெபாசிட்டர், அதாவது 110 விநாடி வர வேண்டும். 3 நிமிடம் ஆனது, 5 நிமிடம் ஆனது, விளக்கு அணையவே இல்லை. ஐசி போய்விட்டது என்று புது ஐசி வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

ஐசியில் குறையே இல்லை. ரெசிஸ்டர் வழியாக வரும் கரண்ட்தான் கெபாசிட்டரை மெல்ல நிரப்புகிறது. 12 வோல்ட் சப்ளையில் கெபாசிட்டர் 8 வோல்ட்டைத் தொட்டால்தான் 555 நேரம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் ரெசிஸ்டருக்குக் குறுக்கே மிச்சம் இருப்பது 4 வோல்ட். 1 மெகா ஓம் வழியாக அப்போது வருவது வெறும் 4 மைக்ரோஆம்பியர். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரோ உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கசியும். 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் வகைக்குத் தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட் அனுமதிக்கும் கசிவே 25 மைக்ரோஆம்பியர் வரை போகலாம். எல்லாக் கெபாசிட்டரும் அவ்வளவு கசியாது என்றாலும், பழைய பெட்டியில் வருடக்கணக்கில் கிடந்தது 4 மைக்ரோஆம்பியரைத் தாராளமாக விழுங்கிவிடும். ஊற்றுகிற தண்ணீர் முழுக்க ஓட்டை வழியே போனால் குடம் எப்படி நிறையும்? 5 விநாடி சோதனையில் இதே இடத்தில் 85 மைக்ரோஆம்பியர் வந்துகொண்டிருந்ததால் ஓட்டை கண்ணில் படவில்லை.

உடனே பலரும் ரெசிஸ்டரை 100 கிலோ ஓம் ஆக்கிவிட்டு 1000 மைக்ரோஃபாரட் போடுவார்கள். பயன் இல்லை. கெபாசிட்டர் பத்து மடங்கானால் அதன் கசிவு வரம்பும் பத்து மடங்காகிறது. 1 நிமிடத்தைத் தாண்டினாலே நான் சொல்வது சிடி4060 ஐசிதான். அது தானே வேகமாகத் துடித்து, அந்தத் துடிப்புகளை எண்ணும். 8192 துடிப்பு ஆனதும் அதன் கடைசி அவுட்புட் மேலே போகும். 68 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் போட்டால் 2 நிமிடத்துக்கும் சற்று மேல் கிடைக்கும். அந்தச் சின்னக் கெபாசிட்டரில் கசிவுக்கு வேலையே இல்லை.

சரி, புரோகிராம் எழுதி ஓட்டும் ஆர்டுயினோ போர்டைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றும். அங்கே இதே தவறு வேறு உருவத்தில் வரும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் சாதாரண முழு எண்ணுக்கு 32,767 தான் உச்சம். இத்தனை மில்லிவிநாடி காத்திரு என்று சொல்லும் டிலே கட்டளைக்குள் 5 * 1000 என்று எழுதினால் ஒழுங்காக ஓடும். 120 * 1000 என்று எழுதினால் பெருக்கல் வழிந்து மைனஸ் 11,072 ஆகிவிடும். டிலே மைனஸ் எண்ணை அறியாது, அதைப் பிரம்மாண்டமான ஒரு எண்ணாகப் படிக்கும். விளக்கு அணைய ஏறக்குறைய 50 நாள் ஆகும்! எண்ணுக்குப் பின்னால், பெரிய எண்ணாக எடுத்துக்கொள் என்று சொல்லும் யூஎல் (UL) என்ற இரண்டு எழுத்துச் சேர்த்தால் தீர்ந்தது. அதோடு, டிலே ஓடும்போது போர்டு பட்டனைக்கூடப் பார்க்காது. அதனால், போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து ஆன மில்லிவிநாடிகளைச் சொல்லும் மில்லிஸை வைத்து எழுதிப் பழகுங்கள். அதிலும் தொடங்கிய நேரத்தோடு கூட்டி ஒப்பிடாமல், இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து ஒப்பிடுங்கள். மில்லிஸ் எண்ணிக்கை உச்சத்துக்குப் போய் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினாலும் கணக்குப் பிசகாது.

அப்புறம், சர்க்யூட் வரையும் முன்பே யோசித்திருக்க வேண்டிய ஒன்று. 2 நிமிடம் எப்போதிலிருந்து? ஒரு பாட்டி மெதுவாகப் படியேறுகிறார். 1 நிமிடம் 50 விநாடியில், வெளிச்சம் போய்விடுமோ என்று இரண்டாம் மாடிப் பட்டனையும் தட்டுகிறார். வழக்கமான 555 சர்க்யூட் அந்தத் தட்டலைக் கண்டுகொள்ளாது. பத்து விநாடியில் பாட்டி இருட்டில், பாதிப் படியில். ஒவ்வொரு தட்டலும் நேரத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டுமா என்பதை முதல் நாளே நோட்டில் எழுதி முடிவு செய்யுங்கள். பட்டனை யாராவது அழுத்திக்கொண்டே நின்றால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். பட்டன் தட்டலை வாங்கும் 555-இன் டிரிக்கர் முனை பூஜ்ய வோல்ட் பக்கம் தாழ்ந்தே இருந்தால், நேரம் முடிந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பட்டனுக்கும் அந்த முனைக்கும் நடுவே ஒரு சின்னக் கெபாசிட்டரும், அதன் இரு பக்கத்திலிருந்தும் சப்ளைக்கு ஒவ்வொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டால் சரியாகிவிடும்.

கரண்ட் போய் வரும்போது என்ன ஆகிறது என்று பெரும்பாலோர் சோதிப்பதே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். பல சர்க்யூட்டுகள் யாரும் தொடாமலே விளக்கைப் போட்டுவிடும். விளக்கு என்பதால் பரவாயில்லை, அதே சர்க்யூட்டில் மோட்டாரோ கட்டர் பிளேடோ இருந்தால் பக்கத்தில் நிற்பவரின் விரல் போகும். 555-இல், அதை அணைத்து வைக்கும் ரீசெட் முனையைச் சப்ளை வந்தபின் ஒரு கணம் தாழ்த்தி வைக்க வேண்டும். ஆர்டுயினோவில், கடையில் கிடைக்கும் பல ரிலே மாட்யூல்கள், அவற்றுக்கு வரும் வோல்ட் தாழ்ந்தால் ஆன் ஆகும் வகை. அதனால் ரிலேயை இணைத்த போர்டு முனையை அவுட்புட்டாக அறிவிப்பதற்கு முன்பே அதை ஹை, அதாவது உயர் வோல்ட்டாக எழுதிவிடுங்கள்.

ரிலேயின் கம்பிச்சுருளான காயிலுக்குக் குறுக்கே டையோடு, ஐசியின் சப்ளை காலருகே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இரண்டும் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மறப்பார்கள். 230 வோல்ட் வயரை மட்டும் ப்ரெட்போர்டின் பக்கத்தில் கொண்டு வராதீர்கள். ரிவியூவுக்கு 12 வோல்ட் எல்இடி பட்டையே போதும், அதைக் காரணம் காட்டி நான் மார்க் குறைத்ததே இல்லை.

ரிவியூவுக்கு முந்தின நாள் 5 விநாடியில் சோதிக்காமல், முழு 2 நிமிடத்துக்கு வைத்து, ரிலேயும் விளக்கும் மாட்டி, ஸ்டாப்வாட்சோடு உட்காருங்கள். பத்துத் தடவைக்கு 20 நிமிடம் ஆகும். வந்த நேரத்தை ஒவ்வொன்றாக எழுதி அந்தத் தாளையும் ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.