தொலைக்காட்சித் தொடர்களுக்கு வீடு அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுக்க வழியில்லாமல் கைமாற்றுக் கேட்டு நிற்கும் ஒரு குடும்பத் தலைவர், பளிங்குத் தரையும் மாடிக்கு வளைந்தேறும் படிக்கட்டும் உள்ள ஹாலில் நின்று கண் கலங்கினால், பார்க்கிறவர் மனம் இளகாது. நடிகர் எவ்வளவு நன்றாக நடித்தாலும், பின்னால் நிற்கும் வீடு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். தொடர்களின் கலைப் பிரிவில் சில காலம் உதவியாளராக வேலை பார்த்தபோது கண்ட தவறுகளையும், அவற்றில் என் கைப்படவே நேர்ந்த ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, அந்தக் குடும்பத்தின் வரவு செலவைக் கேட்காமலேயே வீட்டைத் தேர்ந்தெடுப்பது. விளக்குகளையும் கேமராக்களையும் நிறுத்த இடம் வேண்டும் என்பதற்காகப் பெரிய ஷூட்டிங் பங்களாவை வாடகைக்குப் பிடித்துவிடுகிறார்கள். அந்தத் தேவை உண்மையானதுதான் என்றாலும், செட்டில் ஒரு பக்கச் சுவரைக் கழற்றி மாட்டும்படி பிளைவுட்டில் செய்துகொண்டால் பத்துக்குப் பத்து அறையைக்கூடப் படமாக்கிவிடலாம். வீடு சொந்தமா, வாடகையா, எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள், சம்பாதிப்பவர் யார் என்பதைக் கதாசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வாடகை வீடென்றால் சுவரில் புதிதாக ஆணி அடிக்க வீட்டுக்காரர் எளிதில் விடமாட்டார். முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணியில்தான் காலண்டர் தொங்கும், அதுவும் சற்றுப் பொருந்தாத உயரத்தில். அந்தக் காலண்டரைக் கொடுத்தது நகைக்கடையா, தெருமுனை மளிகைக் கடையா என்பதிலிருந்தே அவர்கள் எங்கே பற்று வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர் புரிந்துகொள்வார்.

வறுமையைக் காட்ட அழுக்கைப் பூசுவது அடுத்த தவறு. எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவதும் இதுவே. ஒட்டடை, கிழிந்த புடவைத் திரை, நெளிந்த அலுமினியத் தட்டு ஆகியவற்றை வைத்துவிட்டால் ஏழை வீடு ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள். ஆறு பேர் ஒரே அறையில் படுத்தெழும் வீட்டில், பாய்களைச் சுருட்டி மூலையில் நிறுத்தாமலும், பாத்திரங்களைத் துலக்கி அளவு வாரியாக அடுக்காமலும், தண்ணீர்க் குடங்களை வாசலோரம் வரிசையாக வைக்காமலும் ஒரு நாளைக்கூடக் கழிக்க முடியாது என்பதை அப்படி வாழ்ந்தவர் அறிவார். பொருட்களுக்குக் காலமும் உண்டு. தமிழக அரசு 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சியையும், 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியையும் வழங்கத் தொடங்கியது. அப்படியிருக்க, 2013இல் நடக்கும் கதையில், குடும்ப அட்டை வைத்திருக்கும் கூலித் தொழிலாளி வீட்டில் முதல்வர் படம் போட்ட மிக்சி ஒன்றும் இல்லாமல், கடையில் வாங்கிய விலையுயர்ந்த மிக்சி பளபளத்தால், அந்த வீடு தமிழ்நாட்டில் இருப்பதாகவே தோன்றாது.

என் கையால் நேர்ந்த தவறு சமையலறையில் நடந்தது. மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் வாழும் குடும்பத்துக்காக, ஒரே கடையில், ஒரே நாளில், இரண்டு டஜன் எவர்சில்வர் டம்ளர்களை வாங்கி அடுக்கினேன். மாமியாராக நடித்த மூத்த நடிகை ஒரு டம்ளரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்பா, இதுல யார் பேரும் வெட்டலையே?” என்று கேட்டார். நம் வீடுகளில் பாத்திரம் தனியாக வருவதில்லை. சீராக வந்தது, கிரகப்பிரவேசத்துக்கு வந்தது, மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தாய்மாமன் வைத்தது என்று ஒவ்வொன்றிலும் பெயரோ தலைப்பெழுத்தோ தேதியோ புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். வந்த மருமகளுக்கு அவள் பெயர் வெட்டிய டம்ளரில் காபி கொடுப்பதும், மூத்த மருமகளின் பெயர் வெட்டியதில் கொடுப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை ஒரு குளோசப்பில் காட்டிவிட்டால், வசனகர்த்தா ஒரு பக்கம் எழுத வேண்டியதில்லை. அன்றிலிருந்து, பெயர் வெட்டிய பழைய பாத்திரங்களைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கத் தொடங்கினேன்.

நாற்காலிகளை எல்லாம் கேமராவைப் பார்த்தபடி போடுவது இன்னொரு பழக்கம். அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரை நேரடிப் பார்வையாளர் முன்னிலையில் மூன்று கேமராக்களால் எடுத்தார்கள். பார்வையாளர் ஒரு புறம் அமர்ந்திருந்ததால் அறையின் ஒரு பக்கம் திறந்தே இருக்க வேண்டியிருந்தது. பார்வையாளரே இல்லாமல் எடுக்கும் நாம், சாப்பாட்டு மேசையின் ஒரே பக்கத்தில் ஏழு பேரை நெருக்கி உட்கார வைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? அதே நாட்டில் 1971இல் வந்த ‘ஆல் இன் த ஃபேமிலி’ தொடரின் குடும்பத் தலைவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் வேறு யாரும் உட்கார அவர் விடமாட்டார். பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிய அந்த நாற்காலி இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் எங்கே உட்காருவார், யார் சுவரில் சாய்ந்து நின்றே காலம் தள்ளுவார் என்பதை முடிவு செய்த பிறகுதான் சாமான்களை இறக்க வேண்டும்.

பணக்கார வீடுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சரவிளக்கும் வெள்ளை சோபாவும் இருக்கும். அந்தப் பணம் அரிசி ஆலையிலிருந்து வந்ததா, பின்னலாடைத் தொழிலிலிருந்து வந்ததா என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. காரைக்குடிப் பக்கத்து முற்றமும் ஆத்தங்குடித் தரையும் அழகாக இருக்கின்றன என்பதற்காகக் கொங்கு நாட்டுக் குடும்பத்தை அங்கே குடியேற்றுவதும் இதே வகைப் பிழைதான்.

பல ஆண்டுகள் ஓடும் தொடர்களில், கதை மாறினாலும் வீடு மாறாமல் நிற்கிறது. கன்டினியூட்டி, அதாவது பொருட்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே தொடர்வது, ஒரு காட்சிக்கும் அதை அடுத்த காட்சிக்கும் இடையில் காக்க வேண்டியது. ஐந்து ஆண்டுகளுக்கும் அதையே காத்தால் வீடு உறைந்துவிடும். மகள் கல்யாணமாகிப் போனால் அவளுடைய பீரோ நின்ற இடத்துச் சுவரில் வெளுக்காத பெயிண்ட் நீள்சதுரமாகத் தெரிய வேண்டும். கடன் ஏறினால், சொல்லாமலேயே பூஜை அறையின் வெள்ளிக் குத்துவிளக்கு மறைந்து பித்தளை விளக்கு வந்திருக்க வேண்டும்.

கடைசியாக, மாலை போட்ட படம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தந்தை என்று சொல்லிவிட்டு, நடிகர் சென்ற மாதம் எடுத்துக்கொண்ட கூர்மையான டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கி மாட்டிவிடுகிறார்கள். அக்காலத்தில் தனியாகப் படம் எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குழுப்படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். முகம் சற்று மங்கி, கண்ணிமையை ஸ்டூடியோக்காரர் பென்சிலால் திருத்தியிருப்பார். படத்தின் ஓரத்தில் பக்கத்தில் நின்றவரின் பட்டுப் புடவைத் தோள் கொஞ்சம் தெரியும். அந்தத் தோள் யாருடையது என்பதையும் கதாசிரியரிடம் கேட்டுக்கொண்டு படத்தை மாட்டுங்கள்.