வெட்டிவேர்ப் பெயரில் உடையும் ஆறு அசைகள்

வெட்டிவேரின் தாவரவியல் பெயர் கிரைசோபோகன் ஸிஸானிஒஈடெஸ். புதிதாகப் படிப்பவர்கள் முதல் சொல்லைத் தாண்டிவிடுவார்கள், இரண்டாவதை உச்சரிப்பதில்தான் விழுவார்கள். வழக்கமாக நேரும் தவறுகள் கீழே.

'ஆய்' என்று கூட்டுவது

பலர் 'ஸிஸானியாய்டெஸ்' என்று ஐந்து அசையில் முடித்துவிடுகிறார்கள். சொல் ஸிஸானியா, ஒஈடெஸ் என்ற இரண்டு உறுப்புகளால் ஆனது. ஸிஸானியா நீர்நிலைகளில் வளரும் ஒரு புல் பேரினம். பின்னொட்டுக்கு 'போன்ற' என்று பொருள். அதிலுள்ள 'ஒ' கிரேக்கக் கூட்டுச்சொற்களின் இணைப்புயிர். 'ஈ', வடிவம் என்னும் பொருளுடைய 'எய்டொஸ்' என்ற சொல்லின் தலை. அதன் 'எய்' லத்தீனில் நெடில் 'ஈ' ஆனது. வெவ்வேறு உறுப்பைச் சேர்ந்த உயிர்கள் என்பதால் ஓரசையாகச் சேரா: ஸி-ஸா-னி-ஒ-ஈ-டெஸ். அழுத்தம் ஈயில்.

பெயரிடு விதிகள் உச்சரிப்பைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆங்கிலம் பேசும் தோட்டக்காரர்கள் பலரும் 'ஆய்' என்றே சொல்கிறார்கள். பேச்சோடு நின்றால் போகட்டும். காதில் விழுந்ததைக் கை எழுதுகிறதே, அதுதான் எரிச்சல். 'னி'யின் உயிர் உதிர்ந்து 'ஸிஸானாய்டெஸ்' என்று பெயர்ப்பலகை ஏறுகிறது. அந்த இகரம் ஸிஸானியாவின் பகுதி, விடக்கூடாது. எழுத்துப்படி தேடும் பட்டியலில் பிழையான பெயர் சிக்காது. எழுதுமுன் பின்னொட்டை வெட்டிவிட்டு மிச்சம் எந்தச் செடி என்று பாருங்கள்.

ஈற்றை மாற்றுவது

இண்டிகஸ், இண்டிகா, இண்டிகம் எனப் பேரினப் பெயரின் இலக்கணப் பாலுக்கேற்ப ஈறு மாறும். ஒஈடெஸ் மாறாது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1771-இல் ஃபலாரிஸ் என்ற பேரினத்தில் வைத்த இச்செடி வெட்டிவேரியாவுக்கும், பிறகு கிரைசோபோகனுக்கும் போனது. பின்சொல் அப்படியே இருக்கிறது.

யாப்பசையால் எண்ணுவது

தமிழ்ச் செய்யுளின் நிரையசையில் குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேரும். இந்தத் தாவரப் பெயர்களில் உயிர் ஒன்றுக்கு அசை ஒன்று.

எல்லாவற்றிலும் ஈற்றயலை அழுத்துவது

லத்தீன் விதிப்படி, ஈற்றயலசை, அதாவது கடைசிக்கு முந்தைய அசை, நெடிலாகவோ ஒற்றடுத்தோ இருந்தால்தான் அழுத்தம் அங்கே. தேயிலைப் பெயரின் பின்சொல்லான ஸி-நென்-ஸிஸில் ஒற்று இருக்கிறது. முருங்கைப் பெயரின் ஒ-லெ-இ-ஃபெ-ராவில் 'ஃபெ' வெறும் குறில், அதனால் அழுத்தம் ஓரசை முன்னே போகிறது.

ஈரசைச் சொல்

அழுத்தம் எப்போதும் முதலசையில்.