ஏழு வயசுப் பையன் ஃபயர்பால் போட்ட கதை: சிறுவயது செஷனில் செய்யக் கூடாதவை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு. அதில் ஒரு கேம்பெயின், அதாவது செஷன் செஷனாக நீளும் தொடர்கதை, ஆறேழு மாதம் ஓடிவிட்டால் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார், "நம்ம கேரக்டருங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ நடந்ததை ஒரு செஷன் ஆடலாமா?" என்று. நல்ல யோசனைதான். டிஎம்மாக, அதாவது கதையை நடத்துகிற ஆளாக, இருந்து இதை மூன்று தடவை நடத்தியிருக்கிறேன். முதல் இரண்டும் சொதப்பல். அதனால் கீழே வரும் தவறுகளில் பாதி என்னுடையவை.

முதல் தடவை எல்லோரும் அப்போது கையில் இருந்த ஐந்தாம் லெவல் ஷீட்டையே, அதாவது வளர்ந்த கேரக்டரின் திறன்களை எழுதிய தாளையே, எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நானும் "சரி, ஸ்ட்ரெங்த்தில் மட்டும் நாலு குறைச்சுக்கோங்க" என்று விட்டுவிட்டேன். பத்தே நிமிடத்தில், ஏழு வயதுப் பையன் ஒருவன் எட்டுப் பகடையை உருட்டி ஃபயர்பால் என்கிற தீப்பந்து மந்திரத்தைப் போட்டு ஊர்க் களஞ்சியத்தைக் கொளுத்தினான். அவனுடைய பின்கதைப்படி அவன் மந்திரம் கற்க ஆரம்பித்ததே பதினேழு வயதில். அதைச் சொன்னால் "அப்போ மறந்துட்டான், பதினேழுல திரும்ப கத்துக்கிட்டான்" என்று பதில் வருகிறது. பெரியவர்களுக்கு அரை டிராயர் போட்டு விட்டதுபோல இருந்தது அந்த இரவு முழுக்க.

அதற்குப் பயந்து அடுத்த தடவை நேர் எதிராகப் போனேன். ஐந்தாம் பதிப்பில் சாதாரண ஊர்க்காரருக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது, எல்லாத் திறனும் 10, ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, 4. அதையே எல்லோருக்கும் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பி ஓர் ஓநாயை விட்டேன். 2014 விதிப்படி ஓநாய் கடித்தால் சராசரியாக 7 போகும். முன்னாடியே கூட்டிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஒரே கடியில் ஒரு பிள்ளை கீழே விழப் பார்த்தது, ஆனால் அந்தப் பிள்ளைதான் பிற்பாடு எங்கள் பார்ட்டியின், அதாவது சாகசக் குழுவின், பாலடின் (புனித சபதம் எடுத்த வீரன்), சாகவே முடியாது. டிஎம் பகடையை மறைத்து உருட்டுகிற திரைக்குப் பின்னால் எண்ணை மாற்றிச் சொன்னேன். நான் சொன்ன தோரணையிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது, அதற்கப்புறம் அன்றைக்கு எது வந்தாலும் ஒருத்தரும் பயப்படவில்லை.

ஃபிளாஷ்பேக்கின் சிக்கலே இதுதான், முடிவு ஏற்கெனவே தெரியும். பிள்ளைகள் பிழைத்துவிடுவார்கள் என்று மேஜையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும்போது உயிரைப் பணயம் வைக்கிற சண்டை வெறும் நேரக்கடத்தல். பணயத்தை மாற்ற வேண்டும். எது தொலைந்தது, யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள், அந்தத் தழும்பு எப்படி வந்தது, யாருக்கு எது தெரியாமலே போனது, இதெல்லாம் இன்னும் திறந்தே கிடக்கிறது. 2021-ல் வந்த 'தி வைல்ட் பியாண்ட் தி விட்ச்லைட்' சாகசப் புத்தகத்தில் அழகான ஒரு தொடக்கம் உண்டு: கேரக்டர்கள் சின்ன வயதில் டிக்கெட் வாங்காமல் ஒரு மாயக் கார்னிவலுக்குள் நுழைந்து எதையோ தொலைத்துவிட்டு வந்தவர்கள். ஒருத்தருக்குச் சிரிப்பு, ஒருத்தருக்குத் திசை தெரிகிற புத்தி. உயிர் போவதைவிட அது உறைக்கிறது, ஏனென்றால் பல வருடமாக அது இல்லாமலே அந்த ஆள் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

விதிகளுக்கு நான் கடைசியில் கடன் வாங்கியது ஸ்வீடனின் ஃப்ரீ லீக் 2017-ல் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் தி லூப்' விளையாட்டிடம். அதில் எல்லோரும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகள், ஊர் ஆபத்தானதுதான், ஆனால் பிள்ளைகள் சாக மாட்டார்கள் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஹிட் பாயிண்ட் கிடையாது. மனம் நொந்தாய், பயந்தாய், களைத்தாய், அடிபட்டாய் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போக வேண்டும், எல்லாம் குறித்த பிறகும் இன்னொன்று வந்தால் பிள்ளை நொறுங்கிப்போகும். இன்னொன்று ரொம்பப் பிடித்தது: வயது எத்தனையோ அத்தனை புள்ளிதான் திறன்களுக்கு, 15-லிருந்து வயதைக் கழித்தால் வருவது அதிர்ஷ்டப் புள்ளி. பத்து வயதுக்கு ஐந்து, பதினைந்து வயதுக்கு ஒன்றுமில்லை. எங்கள் விளையாட்டில் ஒளிவதானாலும், டிசெப்ஷன் என்கிற பொய் சொல்லும் திறனானாலும், டி20 என்கிற இருபது முகப் பகடையை உருட்டித்தான் முடிவாகும். இதை அப்படியே உருவி அந்த டி20-க்கு ஒட்டவைத்தேன், ஒரு புள்ளி கொடுத்தால் ஒரு தடவை திரும்ப உருட்டலாம் என்று. இடிக்கவே இல்லை.

வயதுக் கணக்கையும் முதலிலேயே போட்டுவிடுங்கள், இதில் கோட்டை விடாத ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் பார்ட்டியில் மனிதனுக்கு 26, நீண்ட ஆயுள் இனமான எல்ஃபுக்கு 120, டிராகன் போன்ற இனமான டிராகன்பார்னுக்கு 22. மனிதன் எட்டு வயதாக இருந்தபோது எல்ஃபுக்கு 102, டிராகன்பார்னுக்கு 4. 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்கிற விதிப்புத்தகத்தில் எல்ஃபின் உடம்பு மனிதர் மாதிரியே வளர்ந்தாலும் நூறு வயது வாக்கில்தான் தன்னைப் பெரியவராக அறிவித்துப் பெரியவர் பெயர் வைத்துக்கொள்ளும் என்று இருக்கிறது. டிராகன்பார்னோ மூன்று வயதிலேயே பத்து வயது மனிதப் பிள்ளையின் வளர்த்தியை எட்டிவிடும், அதனால் கூட்டத்திலேயே வயதில் சின்னவன் அவன்தான், எல்ஃபை விட்டால் உயரத்தில் பெரியவனும் அவன்தான். "எல்லாரும் எட்டு வயசு" என்று பொத்தாம் பொதுவாகப் போனால் இந்த வேடிக்கையெல்லாம் போய்விடும். நாங்கள் எல்ஃபைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விட்ட பக்கத்து வீட்டு அக்காவாக ஆக்கினோம். புதுசாகப் பெரியவள் ஆன மிதப்பில் அவள் போட்ட அதிகாரம் தாங்கவில்லை.

மழலையில் பேசிக் காட்டாதீர்கள். மூன்று மணி நேரம் யாராலும் கேட்க முடியாது. குழந்தைத்தனம் குரலில் வராது, தெரியாமையில் வரும்: காசின் மதிப்பு தெரியாது, அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று தெரியாது, பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஏன் பேசுகிறார்கள் என்று தெரியாது. ஆனால் எந்த நாய் கடிக்கும், எந்த வேலியில் ஓட்டை என்பது அத்துப்படி.

பெரியவர்களை மொத்தமாக ஊரைவிட்டு அனுப்பிவிடுகிற டிஎம்களும் உண்டு. வேண்டாம். "அம்மாகிட்ட சொல்லிடலாமா" என்று ஒரு பிள்ளை கேட்கிற இடம்தான் அந்த செஷனிலேயே சுவையான வாக்குவாதம், அதை ஏன் கெடுக்க வேண்டும்?

அப்புறம், எல்லாப் பின்கதையிலும் அப்பா அம்மாவைக் கொன்று, வீட்டை எரித்து வைத்திருப்போம் இல்லையா, அதைப் பிள்ளையின் கண்ணால் நேராக ஆடிப் பார்க்கத்தான் வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கக் கூடாது. பிள்ளைகள் மீதான வன்முறை வேறு மாதிரித் தைக்கும், மேஜையில் யாருக்கு எது நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எது வரவே கூடாது, எதைத் திரை போட்டுக் கடக்கலாம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். நடுவில் ஒருத்தர் எக்ஸ் கார்டை, அதாவது 'இந்தக் காட்சி வேண்டாம்' என்று சொல்ல மேஜையில் வைக்கிற அட்டையை, தொட்டால் காரணம் கேட்காமல் காட்சியை மாற்றுங்கள். பிள்ளைக் கேரக்டர்களுக்குக் காதல் காட்சி அறவே கிடையாது. இதில் பேரம் இல்லை.

எழுதிவைத்த பின்கதையை அச்சுப் பிசகாமல் நடத்திக் காட்டுவதும் தவறுதான், அது நாடக ஒத்திகை ஆகிவிடும். நடந்தது இது என்று மட்டும் வைத்துக்கொண்டு, ஏன், யாரால் என்பதை மேஜைக்கு விடுங்கள். எங்கள் ரோகைப் பற்றி, அதாவது பார்ட்டியின் திருட்டுக் கில்லாடியைப் பற்றி, முதல் நாளிலிருந்தே தெரிந்தது ஒன்றுதான், ஒன்பது வயதில் கோயில் விடுதியிலிருந்து துரத்தப்பட்டு மூன்று ராத்திரி துறைமுகத்தில் மீன் கூடைகளுக்கு நடுவே தூங்கினான். மூன்றாவது தடவை ஆடியபோதுதான் காரணம் தெரிந்தது: கோயில் விளக்கு உடைந்ததற்காகத் துரத்தினார்கள், ஆனால் அதன் மேல் கல் எறிந்தது அவன் இல்லை. பாலடின். பூசாரி வந்து "யார்?" என்று கேட்டதும், வளர்ந்தபின் பொய்யே சொல்ல மாட்டேன் என்று சபதம் எடுத்த அதே ஆள், அங்கே இல்லாத நண்பனின் பெயரைச் சொன்னான். பாலடினை ஆடிய நண்பன் அதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்க்கவில்லை.

அதோடு "சரி, அடுத்த வாரம்" என்று எழுந்துவிடாதீர்கள். கடைசி அரை மணி நேரத்தை நிகழ்காலத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நடந்தது தனிக்கதையாக ஒதுங்கிவிடும். நாங்கள் வளர்ந்த கேரக்டர்களின் ஷீட்டைத் திரும்ப எடுத்தோம். ராத்திரி, முகாம், நெருப்பு. ரோக் குச்சியால் தணலைக் கிளறிக்கொண்டே கேட்டான், "அந்த விளக்கை உடைச்சது யாருன்னு உனக்கு எப்பவாவது தெரிஞ்சுதா?" பாலடினை ஆடுகிறவன் பதில் சொல்லவில்லை, டி20-ஐக் கையில் எடுத்தான். எதுக்குடா என்றேன்.

"டிசெப்ஷன்."