சின்ன கேமராவுக்கும் ரெண்டு மூணு லென்ஸுக்கும் பை எப்படி பாத்து வாங்குறது

கேமரா வாங்க மாசக்கணக்குல ரிவ்யூ பாக்குறோம், லென்ஸுக்கு அதைவிட அதிகமா பாக்குறோம், பை மட்டும் கடைசி நிமிஷத்துல ஏதோ ஒண்ணை சேத்து ஆர்டர் போட்டுடுறோம். அப்புறம் அந்தப் பை கனமா இருக்கு, பெருசா இருக்குன்னு வீட்டுலயே விட்டுட்டு கிளம்புறது, கேமராவும் அதுக்குள்ளயே கிடக்குறது. சின்ன கேமரா வாங்குனதே எங்க போனாலும் கூடவே கொண்டு போகத்தானே. அதனால நான் பையில முதல்ல பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான். நின்ன இடத்துலயே, கீழ எதையும் வைக்காம, இந்தப் பையை மாட்டிகிட்டே லென்ஸ் மாத்த முடியுமா? முடியும்னா மத்த சின்ன சின்ன குறையை பொறுத்துக்கலாம், முடியாதுன்னா எவ்ளோ அழகா இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. கூட்டத்துல நிக்கிறீங்க, கேமராவுல 16-50 மி.மீ. சின்ன லென்ஸ் இருக்கு, தூரத்துல இருக்குறதை எடுக்க 55-210 மி.மீ. பெரிய லென்ஸை மாட்டணும். இடது கையில கேமரா. வலது கையால ஜிப்பை திறந்து, பெரிய லென்ஸோட பின் மூடியை லேசா தளர்த்தி அதை பைக்குள்ள இருக்குற அதோட அறையிலயே நிக்க விடுறீங்க, கேமராவை மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டுற வாய், கீழ பாக்குற மாதிரி சாய்ச்சு சின்ன லென்ஸை கழட்டுறீங்க, சரி, இப்போ கழட்டுன லென்ஸ் எங்க போகும்? பெருசு இன்னும் அதோட அறையில உக்காந்திருக்கு, சின்னதுக்கு இடமில்லை, கையோ ரெண்டுதான். அதனால பைக்குள்ள இருக்கப்போற லென்ஸ் ரெண்டுன்னா அறை மூணு வேணும், ஒண்ணு எப்பவும் காலியா இருக்கணும். இதை யாரும் விளம்பரத்துல சொல்றதில்லை, படத்துல எல்லா அறையையும் ரொப்பி அழகா அடுக்கி காட்டுவாங்க. என்னோட முதல் பையில அந்த காலி அறை கிடையாது, கழட்டுன லென்ஸை இன்னொரு லென்ஸ் மேல சும்மா வச்சுட்டு குனிஞ்சேன், உருண்டு தரையில விழுந்து ஃபில்டர் மாட்டுற விளிம்பு நசுங்கிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த லென்ஸ்ல ஃபில்டர் ஏறாது.

இந்த ஒரு காரணத்துக்காகவே சின்ன செட்டுக்கு நான் ஸ்லிங் பைதான் சொல்லுவேன். குறுக்கா மாட்டி முதுகுப் பக்கம் தள்ளி விட்டா நடக்க இடைஞ்சல் இல்லை, முன்னாடி இழுத்தா நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு சின்ன மேஜை மாதிரி ஆயிடும். ஆனா ஒரு விஷயம் கவனிங்க, மேல் மூடி எந்தப் பக்கம் திறக்குதுன்னு. உடம்பை விட்டு வெளிப்பக்கமா மடங்குனா கை நேரா உள்ள போகும், உடம்பு பக்கமா மடங்குனா மூடி நடுவுல வந்து நிக்கும், ஒவ்வொரு தடவையும் முழங்கையால அதை தள்ளி பிடிக்கணும்.

தோள்ல ஒரு பக்கமா தொங்குற பையும் நல்லதுதான், பத்திரிகை போட்டோகிராஃபர்ங்க காலங்காலமா அதைத்தான் மாட்டுனாங்க. 1970கள்ல ஃபிலடெல்ஃபியா இன்க்வயரர் பத்திரிகையில வேலை பாத்த ஜிம் டோம்கே தன் வேலைக்குன்னு உருவாக்குனதுதான் டோம்கே எஃப்-2, பேடிங் கொஞ்சமா இருக்குற சாதா கேன்வாஸ் பை, இன்னிக்கும் விக்குது. பில்லிங்ஹாம் 1973ல ஆரம்பிச்சப்போ மீன்பிடிக்கிறவங்களுக்குத்தான் பை தெச்சாங்க, நியூயார்க்ல போட்டோகிராஃபர்ங்க அதை வாங்கி கேமரா வைக்கிறாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ரெண்டுலயும் மூடியை தூக்குனதும் கை உள்ள போயிடும், அதுதான் பலம். குறைன்னு பாத்தா ஒரே தோள்ல பாரம், ரெண்டு மணி நேரம் தாண்டுனா கழுத்து இழுக்கும். முதுகுப் பையை இந்த செட்டுக்கு நான் கடைசியாத்தான் யோசிப்பேன், லேப்டாப்பும் ஜாக்கெட்டும் தண்ணி பாட்டிலும் சேந்து போகணும்னா சரி, இல்லைன்னா ஒவ்வொரு லென்ஸுக்கும் கழட்டி கீழ வைக்கணும்.

அளவுக்கு வருவோம். வீட்டுல இருக்குற எல்லா சாமானுக்கும் சேத்து பை தேடாதீங்க, வெளிய போகும்போது நிஜமா எடுக்குறது எதுவோ அதை மட்டும் மேஜை மேல வைங்க. உதாரணத்துக்கு சோனி ஏ6400 பாடி 403 கிராம், கேமராவோடவே வர்ற 16-50 கிட் லென்ஸ் 116, 55-210 ஜூம் 345, 35 எஃப்1.8 லென்ஸ் 154, எல்லாம் கூட்டுனா ஒரு கிலோவை லேசா தாண்டுது, அவ்ளோதான். இந்த ஒரு கிலோவை தூக்க ஒன்றரை கிலோ பை எதுக்கு? காலிப் பையோட எடை சாமான் எடையில பாதியை தாண்டுனா நான் அடுத்ததை பாக்க போயிடுவேன். ஃபூஜி 55-200 மாதிரி ஒரு லென்ஸ் சேந்தா அது மட்டுமே 580 கிராம், அப்போ கணக்கு மாறும், ஸ்ட்ராப்பும் அகலமா வேணும்.

லிட்டர் கணக்கை நம்பி மட்டும் வாங்காதீங்க, அதுல முன் பாக்கெட், பக்க பாக்கெட் எல்லாத்தையும் சேத்திருப்பாங்க. உள்அளவு பாருங்க, வெளிஅளவு வேற, பேடிங் பக்கத்துக்கு 1 செ.மீ. இருந்தாலே அகலத்துல 2 செ.மீ. காணாம போயிடும். கேமராவை லென்ஸ் கீழயும் கிரிப் (கைப்பிடி) ஒரு பக்கமுமா வச்சாத்தான் கை போனதும் கிரிப் பிடிபடும், அப்படி வச்சா கிட் லென்ஸோட உயரம் சுமார் 9 செ.மீ. போதும், ஆனா 55-210 மாட்டியபடியே உள்ள வைக்கணும்னா 17 செ.மீ. வரைக்கும் வேணும். வெயில் மறைக்கிற ஹூடை திருப்பி மாட்டி வைக்கிறவங்க, லென்ஸ் அகலத்தை ஹூடோட சேத்து அளங்க, இதை மறந்துட்டுத்தான் நிறைய பேர் ஜிப் மூடலைன்னு திருப்பி அனுப்புறாங்க. ஸ்கேல் வச்சு அளந்தும் மனசுக்கு பிடிபடலைன்னா பழைய அட்டைப்பெட்டி ஒண்ணை அந்த உள்அளவுக்கு வெட்டி ஒட்டி, சாமானை உள்ள வச்சு கையை விட்டு எடுத்துப் பாருங்க. 25க்கு 15க்கு 10 செ.மீ.ன்னா 3.75 லிட்டர், மேல சொன்ன ஒரு கிலோ செட்டுக்கு காலி அறையோட சேத்து அனேகமா பத்தும், ஜூமை மட்டும் கழட்டி வைக்கணும்.

அறைகளை பிரிக்கிற தடுப்பு, அதாவது டிவைடர், மெத்துன்னு இருக்கணும் ஆனா வளையாம நிக்கணும். விரலால அழுத்துனா உடனே மடங்குற டிவைடர் லென்ஸை ஒண்ணோட ஒண்ணு மோத விட்டுடும். அடியில இருக்குற பேடிங்தான் ரொம்ப முக்கியம், பையை தரையில வைக்கும்போது இடி வாங்குறது அதுதான், ஆனா நிறைய பையில பக்கத்துல தடியா போட்டுட்டு அடியில மெல்லிசா விட்டிருப்பாங்க. உள் துணி கறுப்பா இருந்தா கறுப்பு மூடி, கறுப்பு ஃபில்டர் எதுவும் கண்ணுக்கு தெரியாது, வெளிர் நிறமா இருந்தா நல்லது.

ஏற்கனவே உங்களுக்கு பிடிச்ச ஒரு சாதா பை இருந்தா, உள்ள வைக்கிற பேடிங் இன்சர்ட் மட்டும் வாங்குனாலே போதும். கேமரா பைன்னு வெளிய தெரியாததும் ஒரு பாதுகாப்புதான். வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பையோட வாய் எவ்ளோ விரியுதுன்னு பாருங்க, இன்சர்ட் உள்ள போயும் மேல வாய் சுருங்கி இருந்தா கை மாட்டிக்கும்.

துணியில ‘டி’ எழுத்தோட ஒரு எண் போட்டிருப்பாங்க, 500டி, 1000டின்னு. அது டெனியர், 9,000 மீட்டர் நூலோட எடை எத்தனை கிராம்ங்குற கணக்கு. எண் கூடுனா நூல் தடிமன், உரசலை தாங்கும், பாரமும் ஏறும், நம்ம சின்ன செட்டுக்கு 500 வாக்குல தாராளம். தண்ணி படாம இருக்க உள்பக்கம் பூசுற பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் சில வருஷத்துல பிசுபிசுன்னு ஆகி உரியும், ஈரமான ஊர்ல சீக்கிரமே உரியும். பழைய பை வாங்குறவங்க உள்ள கையை விட்டு தடவிப் பாருங்க, ஒட்டுச்சுன்னா விட்டுடுங்க. பளபளன்னு ரப்பர் பூசுன ஜிப் தூறலுக்குத்தான், கொட்டுற மழைக்கு இல்லை, அதுக்கு தனியா ரெயின் கவர் வேணும். வெல்க்ரோ மூடி வேண்டவே வேண்டாம். அமைதியா ஒரு நிகழ்ச்சி நடக்கும்போது சர்ருன்னு கிழிக்கிற சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, தூங்குற குழந்தையை படம் எடுக்கணும்னா சொல்லவே வேண்டாம்.

பேட்டரிக்கு ரெண்டு சின்ன பாக்கெட் தனித்தனியா இருந்தா, ஒண்ணு சார்ஜ் ஆனதுக்கு, ஒண்ணு தீந்ததுக்கு. ஒரே பாக்கெட்தான்னா சார்ஜ் ஆனதோட முனையை மேல பாக்கவும் தீந்ததை கீழ பாக்கவும் வைங்க, இருட்டுலயும் விரல் கண்டுபிடிச்சுடும், முனை மேல ஒரு மூடியை மட்டும் போட்டு வைங்க. சாவி, காசு கூட பேட்டரியை போடவே கூடாது. விமானத்துல போறவங்க, உதிரி லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில வைக்க அனுமதி இல்லை, கையில கொண்டு போற பையிலதான் இருக்கணும், அதனால பை சீட்டுக்கு அடியில போற அளவா இருந்தா எப்பவும் கண் முன்னாடியே வச்சுக்கலாம்.

கையில வந்ததும் டேகை கிழிக்காம, சாமானை எல்லாம் வச்சு மாட்டிகிட்டு அரை மணி நேரம் வீட்டுக்குள்ள நடங்க, குனிங்க, மாடிப்படி ஏறி இறங்குங்க, நின்னுகிட்டே பத்து தடவை லென்ஸ் மாத்துங்க, பக்கத்துல ஒரு மெத்தை இருக்குற இடமா பாத்து. ஆறாவது ஏழாவது தடவையில கை தானா அறையை தேடிப் போகுதான்னு பாருங்க. அப்பவும் ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு எட்டிப் பாக்க வேண்டியிருந்தா டிவைடரை மாத்தி வச்சு இன்னொரு வாட்டி பாருங்க, அதுக்கும் சரி வரலைன்னா திருப்பி கொடுத்துடுங்க.

கடைசியா, இந்தப் பையை கேமரா வச்சுப் பூட்டுற அலமாரியா ஆக்கிடாதீங்க. பேடிங் ஃபோம் ஈரத்தை பிடிச்சு வச்சுக்கும், மூடுன இருட்டுல மாசக்கணக்குல கிடந்தா லென்ஸ் உள்ள ஃபங்கஸ் பிடிக்கும், தோல் பையா இருந்தா பையிலயே பூஞ்சை பூக்கும். வெளிய போயிட்டு வந்ததும் சாமானை எடுத்து, ஈரப்பதம் 40லேர்ந்து 50 சதவீதம் இருக்குற டிரை பாக்ஸ்லயோ, சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுக்கமான டப்பாவுலயோ வைங்க, பையோட ஜிப்பை திறந்து தலைகீழா தட்டி மண்ணு தூசியை கொட்டிட்டு ராத்திரி முழுக்க காத்தாட விடுங்க.